அப்ரண்டிஸ் சேரும் முன்

பிள்ளையை ஐ.டி.ஐ. முடித்ததும் கம்பெனியில் தொழில் பழகும் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டு வரும் பெற்றோர் முதலில் விசாரிப்பது உதவித்தொகையை. 2019-இல் விதிகளைத் திருத்தியபோது படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சத் தொகை வைத்தார்கள். அம்பத்தூரில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது இழுபறிதான். அந்தக் கவலை நியாயமானது. ஆனாலும் நான் அவர்களிடம் கேட்பது: அங்கே யார் கற்றுக்கொடுப்பார்கள்?

எனக்கு வாய்த்தவர் ஒரு மூத்த ஃபிட்டர். மெஷின் பக்கமே விடாமல் முதலில் அரத்தைக் கையில் கொடுத்தார். இரும்புத் துண்டை வைஸ் என்ற பிடிப்பில் கட்டி ராவ வேண்டும். செங்கோணம் சரிபார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒளி கசியக் கூடாது. கசிந்தால் மறுபடியும் ராவல். "முன்னால போகும்போது பாரம் கொடு தம்பி, திரும்பும்போது சும்மா வா" என்பார். அரத்தின் பல் முன்னோக்கித்தான் வெட்டும் என்பது அப்படித்தான் கையில் ஏறியது. பின்னால் லேத்தில் நின்றபோது, வெட்டும் டூல் மழுங்குவதைச் சத்தத்திலேயே பிடிக்க முடிந்தது. மைக்ரோமீட்டர் 0.01 மி.மீ. வரை காட்டும், அளவு ஏன் தப்புகிறது என்று அது சொல்லாது.

அப்ரண்டிஸ்களை வருஷம் முழுக்கப் பேக்கிங்கில் நிறுத்திய கம்பெனியையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் லேத்தின் பிடிப்பான சக்கில் ஜாப்பை, அதாவது கடையும் துண்டை, கட்டத் தெரியாமலே வெளியே போனார்கள். இன்றும் அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் அப்ரண்டிஸைத் தொழிலாளியாகக் கருதுவதில்லை, பயிற்சி பெறுபவர் என்றே சொல்கிறது. முடித்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். போன்ற ரயில்வே நிறுவனங்களில் முடித்தவர்களுக்குக் கடைநிலைப் பணித் தேர்வில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. மற்றவர்களுக்குக் கற்ற தொழில் ஒன்றே கையிருப்பு. அதையும் கொடுக்காவிட்டால் அந்த வருஷத்தை யார் திருப்பித் தருவது?

அதனால் கையெழுத்துப் போடும் முன் ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலுக்குப் போங்கள். அங்கே பயிற்சியில் இருக்கும் ஒரு பிள்ளையிடம், கடைசியாக என்ன ஜாப் செய்தாய், எந்த மெஷினில், யார் பார்த்துத் திருத்தினார் என்று கேளுங்கள். நிறுத்தாமல் விவரம் சொன்னால் தயங்காமல் சேர்த்துவிடலாம்.