கை தெரியாத டோஜ்

லண்டன் நேஷனல் கேலரிக்குள் போகக் கட்டணம் கிடையாது. அதனால் அந்தப் பக்கம் வேலையாகப் போகும்போதெல்லாம் ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். எல்லாக் கூடத்தையும் சுற்றினால் கால்வலிதான் மிச்சம். நான் பார்க்கப் போகிற ஆள் லியோனார்தோ லொரேடன். 1501இல் வெனிஸின் டோஜ், அதாவது அந்தக் குடியரசின் தலைவர் ஆனவர். ஜொவான்னி பெல்லினி அவரை வரைந்தது அதையொட்டித்தான். பாப்லர் மரப்பலகையில் எண்ணெய் வண்ணம், இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம். அவ்வளவுதான் படம்.

பத்து வருடம் ஸ்டூடியோ வைத்து பாஸ்போர்ட் போட்டோ எடுத்தவன் நான். எந்த முகத்தைப் பார்த்தாலும் வெளிச்சத்தைத்தான் முதலில் கவனிப்பேன். இவர் முகத்தில் பாதியை உள்ளங்கையால் மறைத்துப் பாருங்கள், கறாரான மனுஷன். கையை மாற்றி மறுபாதியை மறையுங்கள், இதோ சிரிக்கப் போகிறார். "கொஞ்சம் சிரிங்க சார்" என்று நான் கெஞ்சியவர்கள் விறைத்துக்கொண்டார்கள், இல்லையென்றால் பல்லைக் காட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றவர் ஒருவர்கூட இல்லை.

அப்புறம் அந்த அங்கி. வெள்ளைப் பட்டில் பொன்னிழைப் பூவேலை. தங்கத் தகடுதான் ஒட்டியிருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை, வெறும் வண்ணம். முகத்தை வழவழவென்று தீட்டியவர், சரிகை வரும் இடத்தில் மட்டும் வண்ணத்தைச் சொரசொரப்பாக விட்டிருக்கிறார். அந்த மேடுகளில் வெளிச்சம் பட்டு இழை இழையாக மின்னுகிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும். நான் ஒருமுறை ஆசையில் ரொம்பவே குனிந்து, காவலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

படத்தில் கைகள் இல்லை. மார்புக்குக் கீழே ஒரு குட்டிச்சுவர் வந்து மறைத்துவிடுகிறது. அந்தக் காலத்து டோஜ் பதவிக்கு அது பொருத்தம்தான். வெளிநாட்டுக் கடிதத்தை ஆலோசகர்கள் இல்லாமல் பிரிக்க முடியாது. அனுமதியில்லாமல் ஊரைவிட்டு நகர முடியாது. தேர்தல் கூத்தோ கேட்கவே வேண்டாம்: குலுக்கல், வாக்கு, மறுபடி குலுக்கல் என்று சுற்றிச் சுற்றி, கடைசியாக 41 பேர் கூடுவார்கள்; அதில் 25 வாக்கு கிடைக்க வேண்டும். செத்த பிறகும் விடமாட்டார்கள், நடத்தையை விசாரிக்கத் தனி அதிகாரிகள் உண்டு. 1521இல் இவர் இறந்ததும் வாரிசுகள் அபராதம் கட்ட வேண்டிவந்தது.

அந்தச் சுவரில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருப்பதுபோல் வரைந்திருக்கிறார். மடித்துப் பிரித்த கோடுகூட இருக்கிறது. அதில் டோஜின் பெயர் இருக்கும் என்றுதானே நினைப்போம்? பெல்லினி தன் பெயரை லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்!

வெளியே வரும்போது அஞ்சலட்டை ஒன்று வாங்கினேன். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. முகம் பரவாயில்லை, சரிகைதான் வெறும் மஞ்சளாகிவிட்டது.