பார்த்தாயா, இல்லையா?

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே டிவியில் ‘குஷி’ பார்த்துக்கொண்டிருந்தோம், நானும் மகளும்.

அந்தக் காட்சி வந்தது. காற்றில் சேலை விலகுகிறது, விஜய்யின் கண் ஜோதிகாவின் இடுப்புக்குப் போகிறது. பார்த்தாயா என்று அவள் கேட்கிறாள். இல்லவே இல்லை என்று அவன் சாதிக்கிறான்.

2000-ல் தியேட்டரே அதிர்ந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

மகள் சிரிக்கவில்லை. பாதி உருவிய காம்பு கையிலேயே இருந்தது.

“பார்த்தது கூட சரிம்மா. அவ கண்ணால கண்டதையே இல்லைங்கிறானே, அதுதான் தாங்கல.”

எனக்குச் சட்டென்று கல்லூரிக்குப் போன பஸ் ஞாபகம் வந்தது. பின்னாலிருந்து ஒரு கை. திரும்பினால், “யாரும்மா உன்னை இடிச்சா?” என்று ஒரு குரல். நான்தான் தப்பாக நினைத்துவிட்டேனோ என்று அன்று முழுக்க மறுகினேன்.

படம் இன்னமும் பிடிக்கும். ஜோதிகா நடித்த ஜெனி அழுது ஒதுங்குகிறவள் இல்லை; எதிரே நின்று கேட்கிறாள். எஸ்.ஜே.சூர்யா அவளை அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் அவள் பக்கம் நின்று அந்தக் காட்சியைப் பார்த்ததில்லை.

பஸ் கதையை இன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். மகள் கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.