உள்ளே போனதும் வெளியே வந்ததும்

சென்னையில் ஆய்விதழ் தயாரிப்பு ஒரு பெரிய தொழில். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் மருத்துவ, அறிவியல் கட்டுரைகள் வேர்ட் ஃபைலாக வந்து, எடிட் ஆகி, எக்ஸ்எம்எல்லாகவும் (எது தலைப்பு, எது பத்தி என்று டேக் என்ற குறிகளால் காட்டும் வடிவம்) பிடிஎஃப்பாகவும் திரும்பிப் போகும். அந்த எக்ஸ்எம்எல் பெரும்பாலும் ஜாட்ஸ் என்ற கட்டமைப்பில் இருக்கும். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 2003-ல் வெளியிட்ட டிடிடியிலிருந்து, அதாவது எந்த டேக் எங்கே வரலாம் என்ற விதித் தொகுப்பிலிருந்து, வளர்ந்தது அது. எடிட்டிங் என் வேலை இல்லை. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஃபைல் போகும் வழியில் ஓடும் பைத்தான் ஸ்கிரிப்டுகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

அந்த ஸ்கிரிப்டுகள் எல்லாம், எக்ஸ்எம்எல்லைப் படிக்கவும் எழுதவும் உதவும் ஆயத்த நிரல் தொகுப்பான எல்எக்ஸ்எம்எல் என்ற லைப்ரரியை நம்பி நிற்கின்றன. அதுவோ சி மொழியில் எழுதப்பட்ட லிப்எக்ஸ்எம்எல்2-ஐ நம்பி நிற்கிறது. டேனியல் வெய்யார், லினக்ஸ் டெஸ்க்டாப்பான குனோம் திட்டத்துக்காக எழுதத் தொடங்கியது; யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய எம்ஐடி உரிமம். பிஎச்பி மொழி, ரூபி மொழியின் நோகோகிரி லைப்ரரி, ஆப்பிள் கணினிகள் என்று எங்கே தோண்டினாலும் இது கிடைக்கும்.

புதிதாகச் சேருகிறவர்கள் ஃபைலைப் படிக்கும் பகுதியான பார்ஸரைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். மூடாத ஒரு டேக், தனியாக நிற்கும் ஒரு ஆம்பர்சன்ட் (&), அவ்வளவுதான், வரி எண்ணைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். 1998-ல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 விதியே அப்படித்தான்: வடிவம் தவறினால் அது மன்னிக்க முடியாத பிழை. என்னைக் கேட்டால் இந்தக் கண்டிப்பு ஒரு வரம். ‘ரிக்கவர்’ என்ற ஆப்ஷனைப் போட்டால் உடைந்த ஃபைலையும் எப்படியோ படித்துவிடும். ஆனால் எதை விட்டுவிட்டுப் படித்தது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். எங்கள் டீமில் கடைசிக் கட்டத்தில் அதைப் போடக் கூடாது.

தொல்லை தருவது எழுதும் பக்கம். படிக்கும்போது கத்துகிற லைப்ரரி, எழுதும்போது வாயே திறக்காது.

பழைய ஃபைலையும் புதியதையும் ஒப்பிட்டு மாற்றங்களைக் காட்டும் டிஃப்பைப் பார்த்து ஒரு காப்பி எடிட்டர் கேட்டார்: “ஒரே ஒரு கமாதானே சார் மாத்தினேன், டிஃப்ல ஏன் ஃபைல் முழுக்கச் சிவப்பா இருக்கு?” நியாயமான கேள்வி. பார்ஸர் ஃபைலை அப்படியே நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதிலிருந்து ஒரு மரத்தைக் கட்டிக்கொள்கிறது. ஒற்றை மேற்கோளில் இருந்த அட்ரிபியூட் (டேக்குக்குள் எழுதும் கூடுதல் விவரம்) வெளியே வரும்போது இரட்டை மேற்கோளில் வரும். திறந்து மூடிய காலி டேக் ஒரே டேக்காகச் சுருங்கும். டேக்குக்குள் இருந்த கூடுதல் இடைவெளிகள் போய்விடும். குறிகளையும் வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லும் சிடேட்டா பகுதிகள் சாதாரண எழுத்தாகிவிடும். எக்ஸ்எம்எல் கண்ணுக்கு இதில் எதுவுமே மாற்றம் இல்லை. டிஃப் பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாமே மாற்றம்.

தமிழ்த் தலைப்பு கொண்ட ஒரு கட்டுரை வந்தபோது இது வேறு விதமாகத் தலை காட்டியது. என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறை) எதுவும் சொல்லாமல் எழுதச் சொன்னால் எல்எக்ஸ்எம்எல், தமிழ் எழுத்துக்கு இடமில்லாத ஆஸ்கியில்தான் எழுதும். அதாவது ‘தமிழ்’ என்பது தமிழ் என்று போகும். யூடிஎஃப்-8-ல் 15 பைட் பிடிக்கும் சொல் 35 பைட் ஆகிவிடும். பைட் போனால் போகட்டும். புரூஃப் பார்க்கிறவர் அந்த எண் வரிசையைத் திறந்துவைத்துக்கொண்டு என்ன செய்வார்? மென்பொருளுக்கு இரண்டும் ஒன்று என்று அவருக்குச் சொல்லிப் பாருங்கள். என்கோடிங்கைக் கையோடு எழுதிவிட்டால் தீர்ந்தது, அவ்வளவுதான்.

இவையெல்லாம் பார்வைக்குத்தான் வித்தியாசம். உண்மையிலேயே சொற்களைத் தின்கிற சங்கதி ஒன்று உண்டு. லிப்எக்ஸ்எம்எல்2-இன் மரத்தில் எழுத்துகள் தனி முடிச்சாக இருக்கும். எல்எக்ஸ்எம்எல் பைத்தானின் எலிமென்ட்ட்ரீ முறையைப் பின்பற்றுவதால், ஒரு டேக் மூடிய பிறகு வரும் எழுத்தை அந்த டேக்கின் வாலாகக் காட்டும். டேக்கை நீக்கினால் வாலும் கூடவே போகும். நாங்கள் கையாண்ட ஒரு பழைய ஸ்கிரிப்ட், கட்டுரை எழுதியவருக்காக எடிட்டர் இட்ட கேள்விகளை, ஃபைலை அனுப்புவதற்கு முன் நீக்கிவிடும். வாக்கியத்தின் நடுவே ஒரு கேள்வி இருந்தால், அதற்கு அடுத்து வரும் சொற்களும் சத்தமில்லாமல் காணாமல் போகும். மருந்தின் அளவு அங்கே இருந்தால் அளவும் போகும். பார்ஸ் ஆகும், டிடிடி வேலிடேஷனும் பாஸ் ஆகும், ஏனென்றால் ஒரு பத்தியில் எத்தனை சொல் இருக்க வேண்டும் என்று எந்த டிடிடியும் சொல்வதில்லை. பாதியில் நிற்கும் வாக்கியத்தைப் பார்த்து அதைப் பிடித்தவர் ஒரு புரூஃப் ரீடர். வாலை விட்டுவிட்டு டேக்கை மட்டும் எடுக்கும் வழியும் அதே லைப்ரரியில் இருக்கிறது, ஆவணத்தில் எழுதியும் இருக்கிறது. ‘ரிமூவ்’ என்ற எளிய பெயர் முதலில் கைக்குக் கிடைத்துவிடுகிறது, அதுதான் சிக்கல்.

அழகாக வரி பிரித்து எழுதும் ஆப்ஷனும் இதே ரகம். டேக்குகளுக்கு நடுவே எழுத்து இருக்கும் இடத்தில் லிப்எக்ஸ்எம்எல்2 கை வைக்காது, அந்த அளவுக்குக் கவனம் உண்டு. ஆனால் ஓர் அட்டவணைக் கட்டத்தில் மேலெழுத்தாக 14, அதை ஒட்டிச் சாய்வெழுத்தில் ஒரு சி மட்டும் இருந்தால்? இரண்டும் டேக்குகள், நடுவே எழுத்து இல்லை. வரி பிரித்துவிடும். கார்பன்-14-க்கு நடுவே ஓர் இடைவெளி விழும்.

இதற்கெல்லாம் லைப்ரரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 2025 ஜூனில் லிப்எக்ஸ்எம்எல்2-ஐப் பராமரித்துவந்த நிக் வெல்ன்ஹோஃபர், பாதுகாப்புப் பிழைகளையும் இனி மற்றப் பிழைகளைப் போலவே நடத்துவேன், ரகசியம் காத்து வெளியிடத் தேதி குறிக்கும் வேலை இல்லை என்று அறிவித்தார். சம்பளமில்லாத தன்னார்வலர் அவர். அவர் எழுதியதை வைத்துச் சம்பளம் வாங்கியவர்களில் நானும் ஒருவன்; அந்தத் திட்டத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பிழை அறிக்கைகூடப் போனதில்லை.

இப்போது எங்கள் ஸ்கிரிப்டுகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சோதனை உண்டு. முதலாவது, உள்ளே போன எழுத்துகளையும் வெளியே வந்த எழுத்துகளையும் டேக் இல்லாமல் ஒப்பிடுவது; நீக்கச் சொன்னதைத் தவிர வேறு எதுவும் குறைந்திருக்கக் கூடாது. இரண்டாவது, இரண்டு ஃபைலையும் கனானிக்கல் என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டு டிஃப் எடுப்பது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2001-ல் வெளியிட்ட தரம் அது, எக்ஸ்எம்எல்லின்ட் கட்டளையே செய்து தரும். அட்ரிபியூட் வரிசை, மேற்கோள் குறி, காலி டேக் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடுவதால் கமா மட்டும் தனியாகத் தெரியும். ஆனால் அந்த வடிவம், எந்த டிடிடி என்று சொல்லும் அறிவிப்பையும் எடுத்துவிடும். ஆகவே அந்த ஒரு வரியை இன்னும் தனியாகத்தான் சரிபார்க்கிறோம்.