கழற்றுவதற்கென்றே தைத்த உடை

ஆடிக்கொண்டே உடையை ஒவ்வொன்றாகக் கழற்றும் ஸ்ட்ரிப்டீஸ் என்றால் எல்லோரும் உடலைப் பற்றியே பேசுகிறார்கள். அதற்குப் பேர்போன பர்லெஸ்க் என்ற கேளிக்கை மேடையில் ஆடுகிறவர்களிடம் கேட்டால் பேச்சு கொக்கி, டேப், கையுறை என்றுதான் போகும். சரியாகத் தைக்காத உடை எவ்வளவு நல்ல ஆட்டத்தையும் கெடுத்துவிடும்.

எதை எப்போது கழற்றுவது என்பதை முதலில் முடிவுசெய்து, அதற்குத் தலைகீழாக உடுத்த வேண்டும். கையுறை முதலில் போக வேண்டும் என்றால் கடைசியில் மாட்ட வேண்டும். ஸ்டாக்கிங் என்ற நீளமான மெல்லிய காலுறையைப் பிடித்து நிறுத்தும் இடுப்புப் பட்டிதான் கார்ட்டர் பெல்ட். அதன் பட்டைகளுக்கு மேலேதான் உள்ளாடை வரும். மாற்றிப் போட்டால் நடு மேடையில் பட்டைகளை அவிழ்த்துக்கொண்டு நிற்க நேரும்.

முதலில் கைவிடுவது முதுகு ஜிப். உள்துணியைக் கவ்விக்கொண்டால் நகராது. ஜிப்பை எடுத்துவிட்டு, இழுவிசை அதிகம் விழும் இடுப்பில் ஒரு பெரிய கொக்கியும் மற்ற இடங்களில் பிரஸ் பட்டன்களும் வைப்பது நல்லது. முழுக்கப் பிரஸ் பட்டன் வைத்தால் மூச்சை இழுத்துவிடும்போதே திறந்துகொள்ளும். வெல்க்ரோ வேண்டவே வேண்டாம். பிரியும் சத்தம் கேட்கும், ஸ்டாக்கிங்கின் இழையையும் பிடித்து இழுக்கும். பிராவின் பின்புறச் சிறு கொக்கிகளுக்குப் பதிலாக நீச்சலுடையில் வரும் ஒற்றைப் பெரிய கொக்கி போதும்.

1930களில் நியூயார்க்கில் மின்ஸ்கி குடும்பம் நடத்திய பர்லெஸ்க் அரங்குகளில் பெயர் வாங்கிய ஆட்டக்காரி ஜிப்சி ரோஸ் லீ உடையைக் குண்டூசிகளால் குத்திவைத்து, பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக உருவினார். கழற்றியது கொஞ்சம், காக்கவைத்தது அதிகம். இந்தக் கலையின் உயிரே அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

அதைக் கற்றுக்கொள்ளக் கையுறையைவிட நல்ல பாடம் கிடையாது. முழங்கைக்கு மேல் வரும் சாட்டின் கையுறையை எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் நீளும் லைக்ரா துணி வியர்வையில் ஒட்டும். மாட்டும் முன் கையில் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவலாம். மேல் விளிம்பை மணிக்கட்டு வரை மெல்லச் சுருட்டி இறக்கி, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரல் நுனியையும் ஒரு சென்டிமீட்டர் மட்டும் இழுத்துத் தளர்த்தவும். ஐந்தும் தளர்ந்த பிறகு நடுவிரலைப் பிடித்து ஒரே இழுப்பு. மோதிரம் இருந்தால் அங்கேயே சிக்கும்.

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் 4 நிமிடப் பாட்டில் 480 தட்டுகள். ஒரு கையுறைக்கு 60 தட்டு கொடுத்தால் அரை நிமிடம். புதிதாக ஆடுகிறவர்கள் பதற்றத்தில் பாதிப் பாட்டுக்குள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மீதி நேரத்தில் செய்வதறியாமல் நிற்பார்கள். கழற்ற நான்கு உருப்படிகள் போதும். அவற்றுக்கு நடுவே நடக்கவும் நிற்கவும் பார்க்கவும் இடம் விடுங்கள்.

காலில் லோஷன் தடவினால் சிலிக்கான் பட்டை வைத்த ஸ்டாக்கிங் நழுவி இறங்கும். பளபளப்பான தரையில் ஸ்டாக்கிங்கோடு நடந்தால் வழுக்கும், அதனால் ஒரு செருப்பைக் கழற்றியதும் உட்கார்ந்துவிடுவது பாதுகாப்பு.

1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் சாலி ராண்ட் என்ற ஆட்டக்காரி இரண்டு பெரிய நெருப்புக்கோழி இறகு விசிறிகளோடு ஆடிப் பலமுறை கைதானார். ஒரு விசிறி விலகும் முன்பே மற்றது வந்து மறைக்க வேண்டும். பார்க்கிறவர் பார்த்ததாக நினைத்துக்கொள்வார். லண்டன் விண்ட்மில் அரங்கில் அந்தக் காலத்தில் விதி வேறாக இருந்தது: நிர்வாணமாக நிற்பவர் அசையக் கூடாது. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பொது இடத்தில் நிர்வாணத்துக்கு இந்தியானா மாநிலம் விதித்த தடையை ஏற்றதால், அங்கே ஆடுகிறவர்கள் பேஸ்டீஸும் (முலைக்காம்பை மறைக்கும் ஒட்டு) ஜி-ஸ்ட்ரிங்கும் (கயிறு போன்ற சிறு உள்ளாடை) அணிய வேண்டியதாயிற்று.

அந்தப் பேஸ்டீஸ் கழன்று விழ முக்கியக் காரணம் தோலில் மிஞ்சிய எண்ணெய்ப் பசை. ஆல்கஹாலில் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு, விக் (பொய்முடி) ஒட்டும் இரட்டைப் பக்க டேப்பை விளிம்பு முழுக்க ஒட்டுங்கள். ஸ்பிரிட் கம் என்ற நாடக ஒப்பனைப் பசை இன்னும் உறுதியாகப் பிடிக்கும், ஆனால் சிலருக்கு ஒவ்வாது. முந்தைய நாளே முன்கையில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் பிய்த்து எடுக்காதீர்கள், தோல் உரியும். அதற்கான ரிமூவரைப் பஞ்சில் நனைத்து விளிம்பில் வைத்து, பசை இளகும் வரை பொறுங்கள்.