அரக்குப் பட்டும் ஓசூர் ரோஜாவும்: படங்களில் நிறம் மாறாமல் இருக்க

கிருஷ்ணகிரியில் ஒரு முகூர்த்தத்தை இரண்டு நிறுவனங்களின் கேமராக்களைக் கொண்டு படம்பிடித்தால், மணப்பெண்ணின் அரக்குப் பட்டு ஒன்றில் செங்கல் சாயலோடும் மற்றொன்றில் ஊதா கலந்தும் பதிவாவது உண்டு. அவ்விரண்டு படங்களும் ஆல்பத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்துவிட்டால், வீட்டுப் பெண்களின் பார்வை முதலில் அங்கேதான் போய் நிற்கும். சென்சாரின் மேலுள்ள சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒளியைச் சற்று வேறுவிதமாகப் பிரிக்கின்றன; அவற்றுள் எதுவும் மனிதக் கண்ணைப் போலவே பிரிப்பதில்லை; அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த நிறப் பக்குவத்தையும் சேர்க்கிறது.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தே ஸ்லைடர்களை நகர்த்திச் சரிசெய்துவிடலாம் என்று நம் தொழிலில் பலர் கருதுகிறார்கள். பார்க்கும் திரையே தவறாக இருக்கும்போது அப்படிச் செய்யும் திருத்தம் எதுவும் நிலைக்காது என்பதால், மானிட்டரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கடையிலிருந்து வரும் மானிட்டர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் வெளிச்சமாகவும், பல வேளைகளில் நீலம் தூக்கலாகவும் இருக்கும். கலரிமீட்டர் என்னும் சிறு கருவியைத் திரையின் மேல் தொங்கவிட்டால், அதனுடன் வரும் மென்பொருள் மதிப்பு தெரிந்த நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, திரை உண்மையில் வெளியிடும் ஒளியை அளந்து, அந்த மானிட்டருக்கென ஒரு ஐசிசி புரொஃபைலை, அதாவது அது நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்ற விவரக் கோப்பை, எழுதிவைக்கிறது. வெண்மைக்குப் பகல் ஒளியை ஒத்த டி65, கருமையிலிருந்து வெண்மைக்கு ஏறும் விதத்தைக் குறிக்கும் காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா என்பவை எடிட்டிங் அறைக்குப் பொருத்தமான இலக்குகள். அளக்கும் முன் மானிட்டர் அரை மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும். இரவு நேர மஞ்சள் திரை வசதியை அணைத்திருக்க வேண்டும். சாலையைப் பார்த்த கண்ணாடிக் கதவு வழியே வெயில் நேராகத் திரையில் விழும் கடையாக இருந்தால், முதல் செலவு ஒரு கனத்த திரைச்சீலைக்கு ஆகட்டும்.

இந்தப் புரொஃபைல்களுக்கான பொது இலக்கணம் 1993-இல் அடோபி, ஆப்பிள், கோடக், மைக்ரோசாப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் கூடி அமைத்த ஐசிசி என்னும் சர்வதேச நிறக் கூட்டமைப்பு வழியாக வந்தது. கேமராவும் திரையும் அச்சும் ஒரே எண்ணுக்கு வெவ்வேறு நிறம் காட்டும் சிக்கலைத் தீர்ப்பதே அதன் நோக்கம்.

அடுத்தது கேமரா. 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டையை, சடங்கு நடக்கவிருக்கும் மேடையில், அதே விளக்குகள் எரியும்போது, இரண்டு கேமராக்களாலும் ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) படம்பிடிக்க வேண்டும். அட்டைக்குரிய மென்பொருள் அதிலிருந்து ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனிப் புரொஃபைல் செய்து தரும். லைட்ரூம் என்னும் திருத்த மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுத்து, அட்டையிலுள்ள வெளிர்சாம்பல் கட்டத்தைச் சொடுக்கி ஒயிட் பேலன்ஸை (வெண்மைச் சமநிலையை) நிறுத்தினால், இரு கேமராக்களின் அரக்கும் வெகுவாக நெருங்கிவிடும். விளக்கு மாறினால் அட்டையை மீண்டும் பிடிக்க வேண்டும். ரவிக்கைத் துணி எடுக்கும்போது நம் வீட்டார் புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பொருத்திப் பார்ப்பார்களே, அதன் காரணமும் இதுதான்: ஒரு விளக்கின் கீழ் ஒத்துப்போகும் இரு சாயங்கள் இன்னொன்றின் கீழ் பிரிந்து தெரியும். மலிவான எல்இடி விளக்குகளில் சிவப்பின் ஒரு பகுதி குறைவாகவே இருப்பதால் பட்டின் ஆழம் பதிவாகாமலே போகலாம். முகத்தில் வீடியோ விளக்கும் பின்னால் ஊதா மேடை விளக்கும் கலந்தடித்தால் எந்தப் புரொஃபைலும் முழுமையாக உதவாது. மேடை அலங்காரக்காரரிடம் முகூர்த்த நேரத்திற்கு மட்டும் வண்ண விளக்குகளை அணைக்கச் சொல்வதே வழி.

மணமக்களின் மாநிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறத்தை ஒழுங்குபடுத்துவது வேறு, தோலை வெளுத்துக் காட்டுவது வேறு. அட்டையின் துணையோடு வரும் மாநிறம் அழகாகவே இருக்கிறது. அதை மாற்ற நான் உடன்படுவதில்லை.

ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக் குடில்களின் சிவப்பு ரோஜாவைப் படமெடுப்பவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் மொத்த ஹிஸ்டோகிராம் வரைபடம் ஒழுங்காகத் தெரியும்போதே சிவப்புச் சேனல் மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்க, இதழின் மடிப்புகள் மறைந்து பூ ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். சேனல்களைத் தனித்தனியே பார்த்து எக்ஸ்போஷரைக் குறைத்து எடுக்க வேண்டும். புரோஃபோட்டோ ஆர்ஜிபி போன்ற அகன்ற வண்ணவெளியில் (கோப்பு குறிக்கக்கூடிய நிறங்களின் எல்லையில்) 16 பிட் அளவில் திருத்தி, கடைசியில் குறுகிய வண்ணவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்ற வேண்டும். ஹெச்பியும் மைக்ரோசாப்டும் 1996-இல் முன்வைத்த இந்த எஸ்ஆர்ஜிபியைத்தான் இணையமும் பெரும்பாலான போட்டோ லேப்களும் எதிர்பார்க்கின்றன. அதைவிட அகன்ற வண்ணவெளியான அடோபி ஆர்ஜிபியில் உள்ள கோப்பை அப்படியே கொடுத்தால், புரொஃபைலைப் படிக்காத மென்பொருளில் அது சோகை பிடித்தாற்போல் தெரியும். போட்டோஷாப்பில் இதற்குப் புரொஃபைலை மாற்றும் கட்டளையையே பயன்படுத்த வேண்டும். புரொஃபைலை ஒட்டும் கட்டளை எண்களை அப்படியே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றுவதால் நிறம் கெடும்.

அச்சுக்கு அனுப்பும் முன், லேப்பிடம் அவர்கள் பயன்படுத்தும் தாளுக்கான புரொஃபைலைக் கேட்டு வாங்கி, அச்சில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃப் முறையில் பார்ப்பது நல்லது. திரையின் எல்லா நிறங்களையும் தாள் தாங்காது என்பதை அங்கேயே கண்டுகொள்ளலாம். வந்த படம் இருட்டாக இருந்தால் லேப்பைக் குறை சொல்லுமுன் மானிட்டரின் வெளிச்ச அளவைச் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். வாடிக்கையாளரின் கைபேசி நிறத்தைக் கூட்டிக் காட்டும் அமைப்பில் இருப்பது நம் கையில் இல்லை. அதற்கு ஏற்பப் படத்தைத் திருத்தாமல், புரொஃபைல் பதித்த எஸ்ஆர்ஜிபி ஜேபெக்கையும் ஒரு மாதிரி அச்சையும் சேர்த்தே கொடுத்து, அச்சைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஆல்பத்திற்கு ஒப்புதல் தரச் சொல்கிறேன்.