கோர்ட்டில் ஃபைன் கட்டியதும் தண்டனைதான்: காண்ட்ராக்ட் வேலைப் படிவத்தில் எப்படி எழுதுவது?

"குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா?" என்ற கேள்விக்குப் பலர் யோசிக்காமல் "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். பொய் சொல்லும் எண்ணமெல்லாம் இருக்காது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர் மாஜிஸ்திரேட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி, ரசீதோடு வீட்டுக்கு வந்திருப்பார். அவரைப் பொறுத்தவரை கேஸ் முடிந்தது. சட்டப்படி அது தண்டனை. தெருச்சண்டையில் இ.பி.கோ. 294(பி) (பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவது) போட்டு, கோர்ட்டில் ஃபைன் கட்டி வந்ததும் அப்படியே. ஹெல்மெட் போடாததற்கு சாலையிலேயே கட்டும் சலான் இதில் சேராது.

முதலில் கோர்ட் காகிதத்தை வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் எஃப்ஐஆர் எண்ணையோ பெயரையோ போட்டுத் தேடினால் வழக்கு எண் கிடைக்கும். சிறு வழக்கென்றால் பெரும்பாலும் எஸ்.டி.சி. (சுருக்க விசாரணை வழக்கு) என்று தொடங்கும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு அதே நீதிமன்றத்தில் நகல் மனு போட்டால் தீர்ப்பின் சான்றிட்ட நகல் தருவார்கள். பிரிவு, தேதி, அபராதத் தொகை எல்லாவற்றையும் அதைப் பார்த்தே எழுதுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றம் என்றால் பழைய இ.பி.கோ. பிரிவையே போடுங்கள். அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் எண்ணுக்கு மாற்றினால் சரிபார்க்கிறவர் வேறு வழக்கு என்று நினைத்துக்கொள்வார்.

அடுத்து, படிவத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதை நிதானமாகப் படியுங்கள். கைதானது, வழக்கு நிலுவையில் இருப்பது, தண்டனை பெற்றது மூன்றும் வெவ்வேறு. விடுதலையானவரும் "கைதானதுண்டா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். தண்டனையை மட்டும் கேட்டிருந்தால் அவர் "இல்லை" என்று எழுதலாம். கேட்காத விவரத்தை மறைத்ததாகச் சொல்லி நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அவ்தார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உண்மையைச் சொன்னாலும் வேலை தருவதா என்று முடிவெடுக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அது அரசு வேலை பற்றிய வழக்கு. காண்ட்ராக்ட் வேலைக்கு ஆள் அனுப்பும் தனியார் ஏஜென்சி ஒப்பந்தங்களில் பொய்த் தகவல் தந்தால் உடனே நீக்கலாம் என்ற வரி பெரும்பாலும் இருக்கும், மறைப்பதில் உள்ள பெரிய ஆபத்து அதுதான்.

குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் (Probation of Offenders Act) 1958-இன் கீழ், அதாவது குற்றவாளி என்று கண்டும் சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ, விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது (பிரிவு 12). ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அழிவதில்லை. கேட்டால் சொல்லி, இந்தப் பிரிவையும் சேர்த்து எழுதுங்கள்.

பதிலைச் சுருக்கமாக வையுங்கள். "ஆம். எஸ்.டி.சி. எண் இன்னது/2021, இன்ன நீதிமன்றம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185. குற்றத்தை ஒப்புக்கொண்டு ரூ.10,000 அபராதம் செலுத்தப்பட்டது. வேறு வழக்கு இல்லை. தீர்ப்பு நகல் இணைக்கப்பட்டுள்ளது." இது போதும். யார் மேல் தப்பு என்ற விளக்கம் வேண்டாம். நேரில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

ஏஜென்சிக்காரரே படிவத்தை நிரப்பி, எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டு, "கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மாட்டினால் பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துப் போட்டவர்தான். நீங்களே நிரப்பி, கொடுப்பதற்கு முன் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு முதன்மை நிறுவனம் (நீங்கள் உண்மையில் போய் வேலை செய்யும் நிறுவனம்) தனியாக ஒரு படிவம் கொடுத்தால் அதிலும் வார்த்தை மாறாமல் அதே பதிலை எழுதுங்கள்.

முடிந்துபோன வழக்கு ஸ்டேஷன் பதிவேட்டில் இன்னும் நிலுவை என்றே கிடப்பதும் உண்டு. காவல்துறை சரிபார்ப்பில் அப்படி வந்தால், சான்றிட்ட நகலோடு அந்த ஸ்டேஷனில் எழுத்து மூலம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள். அதன் நகலை ஏஜென்சிக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள்.