டாங் நீர்மூழ்கியின் கடைசி டார்பிடோ

வைகை அணை 71 அடியைத் தொட்டாலே நம்ம மதுரைக்குக் கொண்டாட்டம். அதைப்போல இரண்டரை மடங்கு, அதாவது 180 அடி ஆழத்தில்தான் அமெரிக்க நீர்மூழ்கி 'டாங்' தரைதட்டியது. 1943 அக்டோபரில் பணிக்கு வந்த கப்பல். ஐந்தே ரோந்துகளில் ஜப்பானியக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தது.

1944 அக்டோபர் 25, தைவான் நீரிணை. நீர்மட்டத்தில் நின்றபடி இரவுத் தாக்குதல். ஏற்றிவந்த 24 டார்பிடோக்களில் (நீருக்குள் தானே பாய்ந்துபோய் வெடிக்கும் குண்டு) கடைசியானது மார்க் 18 ரகம், பேட்டரியில் ஓடுவது. கிளம்பியதும் இடப்பக்கம் வளைந்து வட்டமடித்துத் திரும்பியது. டார்பிடோவை நேர்க்கோட்டில் வைத்திருப்பது, சுக்கானை இயக்கும் கைரோ எனும் சுழல்சக்கரக் கருவி. கைரோ தவறினாலும் சுக்கான் ஒருபக்கம் சிக்கிக்கொண்டாலும் இப்படித்தான் சுற்றும். இதில் எது பழுது என்று பார்க்க டார்பிடோ மிஞ்சவில்லை. கேப்டன் ஓ'கேன் முழுவேகம் கொடுத்து விலகப் பார்த்தார்; சில நொடிகள்தான் இருந்தன. பின்பகுதியில் அடி விழுந்தது.

உள்ளே சிக்கியவர்களுக்கு இருந்த வழி, முன்பக்கத் தப்பிக்கும் அறை. சிலர் நுழைந்து கீழ்மூடியை அடைத்து, கடல்நீரை உள்ளே விடவேண்டும். சிக்கிய காற்றின் அழுத்தம் வெளி அழுத்தத்துக்குச் சமமானால்தான் வெளிக்கதவு திறக்கும். அதற்குமுன் எவ்வளவு தள்ளினாலும் அசையாது. பிறகு மிதவைக் கயிற்றைப் பிடித்து, மாம்சன் லங் எனும் சுவாசப்பையில் மூச்சுவிட்டபடி நிதானமாக ஏறவேண்டும். மூச்சை அடக்கினால், மேலே வரவர விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். கப்பலுக்குள் தீயும் புகையும் சூழ்ந்திருந்த நிலையில் இதைச் செய்தார்கள் என்பதுதான் மலைக்க வைக்கிறது.

87 பேரில் பிழைத்தது 9 பேர். அவர்களையும் ஜப்பானியர் சிறைபிடித்தனர்.